ஆங்கிலத்தில் கால அளவைச் சொல்வது எப்படி? புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வேலை எவ்வளவு நேரம் நீடித்தது, எப்போது தொடங்கியது, எதற்குள் முடிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது, இலக்கணம் ஓரளவு கைவந்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் காலத்தைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரு சிறு சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் அந்தச் சிறு சொல்லின் வேலையைப் பெயரின் பின்னால் ஒட்டும் உருபுகள் செய்கின்றன: 'இரண்டு மணி நேரமாக', 'காலையிலிருந்து', 'வெள்ளிக்கிழமைக்குள்', 'இரவு வரை'. எனவே, ஆங்கில விதிகளை மனப்பாடம் செய்வதற்கு முன், நாம் சொல்ல நினைக்கும் தமிழ் வாக்கியத்தின் உருபு என்ன என்று பார்ப்பதே நேரான வழி என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் அந்த உருபே சரியான ஆங்கிலச் சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டிக்கொடுக்காத இடங்களும் சில உண்டு. அங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

முதல் படி: நீளத்தைச் சொல்கிறோமா, தொடக்கத்தைச் சொல்கிறோமா?

'மூன்று வருடமாக' என்பது ஒரு நீளம். '2021-இலிருந்து' என்பது ஒரு தொடக்கப் புள்ளி. ஆங்கிலத்தில் நீளத்துக்கு முன் 'ஃபார்' வரும், தொடக்கப் புள்ளிக்கு முன் 'சின்ஸ்' வரும். தமிழில் யாரும் 'மூன்று வருடத்திலிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்று இயல்பாகச் சொல்வதில்லை. 'மூன்று வருடமாக' என்றுதான் சொல்வோம். ஆனாலும் ஆங்கிலத்துக்கு வந்ததும் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்ற பிழை சரளமாக வந்துவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் 'ஆக' இருந்தால் 'ஃபார்', 'இலிருந்து' அல்லது 'முதல்' இருந்தால் 'சின்ஸ்' என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிழை அநேகமாக மறைந்துவிடும். 'ஃபார் த்ரீ இயர்ஸ்', 'சின்ஸ் 2021', 'ஃபார் டூ அவர்ஸ்', 'சின்ஸ் டென் ஓ'கிளாக்' என நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு காதில் பதியும். 'காலையிலிருந்து' என்பதற்கு நம்மில் பலர் 'சின்ஸ் மார்னிங்' என்கிறோம்; பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'சின்ஸ் திஸ் மார்னிங்' என்பதே வழக்கு.

சிறு சொல் சரியாக அமைந்த பிறகும் ஓர் இடர்ப்பாடு மிஞ்சுகிறது, அது வினைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் 'மூன்று வருடமாக வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில், முன்பே தொடங்கி இன்னும் தொடர்கிற செயலுக்கு 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' சேர்ந்த வடிவம் தேவை: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'. இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் இது பொருளையே மாற்றுகிறது. ஒருவர் உங்களிடம் 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?' என்று கேட்டால், நீங்கள் வந்து எத்தனை நாளாயிற்று என்பது கேள்வி. 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?' என்று கேட்டால், மொத்தம் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்பது கேள்வி. முதல் கேள்விக்கு 'த்ரீ டேஸ்' என்பது கழிந்துவிட்ட நாட்களைக் காட்டும்; இரண்டாவதற்கு அதே பதில் இனி வரும் நாட்களையும் சேர்த்துக் காட்டும். நிகழ்கால வடிவத்தில் 'ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ டேஸ்' என்று சொல்பவரை, மூன்று நாள் பயணமாக வந்திருப்பவர் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

செயல் முடிந்துவிட்டதென்றால் சாதாரண இறந்தகாலம் போதும். 'ஐ லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் இப்போது அங்கே இல்லை. 'ஐ ஹேவ் லிவ்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார். தமிழில் 'இருந்தேன்', 'இருக்கிறேன்' என்ற வேறுபாடு செய்யும் வேலையை அங்கே அந்த ஒற்றை 'ஹேவ்' செய்துவிடுகிறது.

இரண்டாம் படி: எல்லையைச் சொல்வது

'வெள்ளிக்கிழமை வரை இருப்பேன்', 'வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பேன்' ஆகிய இரண்டையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவது, அந்த நாள்வரை இடைவிடாமல் தொடரும் நிலை. இரண்டாவது, அந்த எல்லைக்கு முன் எப்போதாவது ஒருமுறை நிகழும் செயல். 'வரை' என்பதற்கு 'அன்டில்' அல்லது 'டில்', 'உள்' என்பதற்கு 'பை' என்று கொள்ளலாம்: 'ஐ வில் பி ஹியர் அன்டில் ஃப்ரைடே', 'ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே'.

ஆனால் தமிழின் 'உள்' ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லை ஒரு நாளாகவோ நேரமாகவோ இருந்தால் 'பை'. அது ஒரு நீளமாக இருந்தால் 'வித்தின்'. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பது 'பை ஃப்ரைடே', 'மூன்று நாட்களுக்குள்' என்பது 'வித்தின் த்ரீ டேஸ்'. 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதுவது நம்மிடையே மிகவும் பரவலாக இருக்கும் பிழை. முதல் படியில் 'ஃபார்', 'சின்ஸ்' இரண்டையும் பிரித்த அதே கேள்வியே, அதாவது கையில் இருப்பது புள்ளியா நீளமா என்ற கேள்வியே, இங்கும் விடை தருகிறது. இன்னொன்றும் உண்டு: 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் அடங்கும், 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழக்கிழமையோடு கெடு முடிகிறது.

'அன்டில்' என்பதில் அந்தக் கடைசி நாள் அடங்குமா அடங்காதா என்பது ஆங்கிலம் பேசுபவர்களுக்கே தெளிவில்லாத ஒன்று. 'ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே' என்று ஒருவர் எழுதினால், அவர் வெள்ளிக்கிழமை வேலைக்கு வருவாரா, அன்றும் விடுப்பா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். அமெரிக்கர்கள் இதைத் தவிர்க்க 'த்ரூ' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள்; 'மன்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் உட்பட. பிரிட்டனில் 'மன்டே டு ஃப்ரைடே இன்க்லூசிவ்' என்பார்கள், அல்லது 'அப் டு அண்ட் இன்க்லூடிங் ஃப்ரைடே' என்று நீட்டி எழுதுவார்கள். எதிர்மறையில் வரும் 'நாட் அன்டில்' மட்டும் சற்றே வேறு சுவை உடையது. 'த ரிசல்ட்ஸ் வோன்ட் பி அவுட் அன்டில் ஃப்ரைடே' என்பதைத் தமிழில் 'வெள்ளிக்கிழமைதான் முடிவு வெளியாகும்' என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

மூன்றாம் படி: இந்த நொடியிலிருந்து முன்னும் பின்னும் அளப்பது

தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடம் இதுதான். 'இரண்டு வருடங்களுக்கு முன்பு' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று வரும், அது தவறு. இப்போதிலிருந்து பின்னோக்கி அளக்க 'அகோ' என்ற சொல்லே வழக்கு, அதுவும் தமிழின் 'முன்பு' போலவே அளவுக்குப் பின்னால்தான் நிற்கும்: 'டூ இயர்ஸ் அகோ'. 'பிஃபோர்' என்பதற்குப் பின் ஒரு நிகழ்ச்சியோ நேரமோ வர வேண்டும்: 'பிஃபோர் த மீட்டிங்', 'பிஃபோர் நூன்'. கடந்தகாலத்தில் உள்ள வேறொரு புள்ளியிலிருந்து பின்னோக்கி அளக்கும்போது 'டூ இயர்ஸ் இயர்லியர்' என்று சொல்லலாம். 'அகோ' வரும் வாக்கியத்தில் 'ஹேவ்' சேராது; 'ஐ சா ஹிம் டூ டேஸ் அகோ' என்று சாதாரண இறந்தகாலமே வரும்.

முன்னோக்கி அளக்கும்போதும் இதே போன்ற குழி இருக்கிறது. 'பத்து நிமிடம் கழித்து அழைக்கிறேன்' என்பதை 'ஐ வில் கால் யூ ஆஃப்டர் டென் மினிட்ஸ்' என்கிறோம். புரியாமல் போகாது, ஆனால் வழக்கு 'இன் டென் மினிட்ஸ்' என்பதே. இதற்கு எளிய உபாயம், தமிழ் வாக்கியத்தில் 'கழித்து' என்பதை எடுத்துவிட்டு, நாம் தினமும் சொல்லும் 'பத்து நிமிடத்தில் அழைக்கிறேன்' என்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது. அந்த 'இல்' உருபுதான் ஆங்கிலத்தின் 'இன்'. ஒலியும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் நினைவில் நிற்கும். 'ஆஃப்டர்' கடந்தகாலக் கதைக்கு ஏற்றது: 'ஆஃப்டர் டென் மினிட்ஸ் ஹி லெஃப்ட்'.

'இன் டென் மினிட்ஸ்', 'வித்தின் டென் மினிட்ஸ்' இரண்டும் ஒன்றல்ல. முன்னது பத்து நிமிடம் முடியும் தறுவாயைச் சுட்டும். பின்னது அதற்கு முன் எந்த நொடியிலும் நிகழலாம் என்ற வாக்குறுதி. யாருக்காவது கெடு கொடுக்கும்போது இந்த வேறுபாடு முக்கியம்.

அதே 'இன்' ஒரு வேலை முடிவதற்கு ஆன நேரத்தையும் சொல்கிறது. 'ஐ ரெட் த ரிப்போர்ட் இன் டூ டேஸ்' என்றால் இரண்டு நாளில் அறிக்கையைப் படித்து முடித்தாயிற்று. 'ஐ ரெட் த ரிப்போர்ட் ஃபார் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் படித்தேன், முடித்தேனா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழும் 'இரண்டு நாளில்', 'இரண்டு நாள்' என்று இதே பிரிவைத்தான் செய்கிறது.

இந்த மூன்று படிகளையும் ஒரு விடுப்புக் கடிதத்தில் பொருத்திப் பார்க்கலாம். நம்மில் பலர் எழுதக்கூடிய வடிவம் இது: 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ். ஐ வில் பி ஆன் லீவ் டில் ஃப்ரைடே. ஐ வில் சப்மிட் த ரிப்போர்ட் வித்தின் டியூஸ்டே.' முதல் வாக்கியத்தில் 'மூன்று நாளாக' என்பது நீளம், காய்ச்சலும் இன்னும் தொடர்கிறது. ஆகவே 'ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்'. இரண்டாவதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை இவரை எதிர்பார்க்கலாமா என்று மேலாளருக்குத் தெரியாது. 'ஐ வில் பி பேக் ஆன் மன்டே' என்று திரும்பும் நாளைச் சொல்லிவிட்டால் ஐயமே எழாது. மூன்றாவதில் செவ்வாய்க்கிழமை ஒரு புள்ளி என்பதால் 'பை டியூஸ்டே'. மூன்று திருத்தங்களும் சிறியவை. ஆனால் கடிதத்தைப் படிப்பவர் மறுபடி கேட்டு உறுதி செய்ய வேண்டிய தேவை நீங்கிவிடுகிறது.

நான்காம் படி: எப்போது, எவ்வளவு நேரம்

'ட்யூரிங்' என்ற சொல் 'எப்போது?' என்ற கேள்விக்கு விடை. 'ஃபார்' என்பது 'எவ்வளவு நேரம்?' என்ற கேள்விக்கு விடை. 'கூட்டத்தின்போது' என்று தமிழில் வந்தால் 'ட்யூரிங் த மீட்டிங்'. 'ட்யூரிங் டூ அவர்ஸ்' என்று நீளத்துக்கு முன் அதைச் சேர்ப்பதில்லை. சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதைச் சொல்ல 'ஓவர்' அழகாகப் பொருந்தும்: 'ஓவர் த நெக்ஸ்ட் ஃபியூ வீக்ஸ்'.

ஐந்தாம் படி: அலகுகள்

வாரம், மாதம், வருடம் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. 'ஃபார்ட்நைட்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது இரண்டு வாரம். பழைய ஆங்கிலத்தில் 'பதினான்கு இரவுகள்' என்ற தொடர் சுருங்கி இப்படி ஆயிற்று. ஜெர்மானிய இனத்தவர் நாட்களைப் பகலால் எண்ணாமல் இரவுகளால் எண்ணினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98 வாக்கில் குறித்திருக்கிறார். அந்தப் பழக்கத்தின் எச்சம் இந்தச் சொல்லில் இன்னும் வாழ்வது எனக்கு வியப்பளிக்கிறது. 'ஏழு இரவு' என்று பொருள்படும் 'செனைட்' என்ற சொல்லும் ஒருகாலத்தில் வாரத்தைக் குறித்தது, இப்போது வழக்கொழிந்துவிட்டது. 'ஃபார்ட்நைட்' பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளில் இயல்பாகப் புழங்குகிறது. அமெரிக்கர்களிடம் 'டூ வீக்ஸ்' என்று சொல்வதே நல்லது.

'பைவீக்லி' என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அது வாரம் இருமுறை என்றும் பொருள்படும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் பொருள்படும். அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. 'பைமன்த்லி' என்பதும் அப்படியே. 'ட்வைஸ் எ வீக்', 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று விரித்துச் சொன்னால் ஒருவரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். 'பைஆனுவல்' வருடம் இருமுறை, 'பைஎனியல்' இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற பிரிவு அகராதியில் இருந்தாலும், காதில் விழும்போது அது நிற்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு 'எவ்ரி அதர் டே'.

'டெக்கேட்' பத்தாண்டு, 'செஞ்சுரி' நூற்றாண்டு. 'த நைன்டீஸ்' என்றால் 1990 முதல் 1999 வரை. ஒருவர் 'இன் ஹர் ட்வென்டீஸ்' என்றால் வயது 20 முதல் 29 வரை. 'ட்வென்டியத் செஞ்சுரி' என்பதன் வருடங்கள் 19 என்று தொடங்குவதால் புதியவர்கள் குழம்புவது உண்டு. முறையான கணக்கில் அது 1901 முதல் 2000 வரை. 'ஸ்கோர்' என்பது இருபதைக் குறிக்கும் பழைய அலகு. ஆபிரகாம் லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரையின் தொடக்கத்தில் நான்கு இருபதும் ஏழும் என்று சொன்னது 87 ஆண்டுகளை. 1863-இலிருந்து அதைக் கழித்தால் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வெளியான 1776 வரும். இன்றைய பேச்சில் இந்த அலகு தேவைப்படாது.

எழுதும்போது அலகின் வடிவத்தில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது அலகு ஒருமையில் நின்று, நடுவே இணைகோடு பெறும்: 'எ டூ-வீக் கோர்ஸ்'. 'உடைய' என்ற வேற்றுமைப் பொருளில் வரும்போது பன்மையோடு மேற்புள்ளிக் குறி ('அபாஸ்ட்ரஃபி') வரும்: 'டூ வீக்ஸ் நோட்டீஸ்' என்பதில் 'வீக்ஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குப் பின் அந்தக் குறி இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தை 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்' என்று பன்மையில் சொல்ல வேண்டும். 'அன் அவர் அண்ட் எ ஹாஃப்' என்பது இன்னும் இயல்பு. மொத்தமாக ஒரு நீளத்தைப் பற்றிப் பேசும்போது, பன்மைப் பெயராக இருந்தாலும் வினை ஒருமையில்தான் வரும்: 'டென் மினிட்ஸ் இஸ் இனஃப்'.

ஆறாம் படி: நாளின் பகுதிகள்

தமிழில் இரவு எட்டு மணி என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'எய்ட் இன் த ஈவினிங்'. நாம் நள்ளிரவு இரண்டு மணி என்பதை அவர்கள் 'டூ இன் த மார்னிங்' என்பார்கள். ஆங்கிலத்தின் 'ஈவினிங்' நம் மாலையைத் தாண்டி முன்னிரவுக்குள் நுழைகிறது; 'மார்னிங்' கடிகாரக் கணக்கில் நள்ளிரவு கடந்ததுமே தொடங்கிவிடுகிறது. ஆகையால் இரவு ஒன்பது மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் 'குட் ஈவினிங்' என்றே வணங்க வேண்டும். 'குட் நைட்' விடைபெறும்போது மட்டும் சொல்வது.

'இன்று காலை' என்பதை 'டுடே மார்னிங்' என்றும், 'நேற்று இரவு' என்பதை 'யெஸ்டர்டே நைட்' என்றும் மாற்றுவது நம் பழக்கம். வழக்கில் இருப்பவை 'திஸ் மார்னிங்', 'லாஸ்ட் நைட்'. 'இன்று மாலை' என்றால் 'திஸ் ஈவினிங்', 'இன்று இரவு' என்றால் 'டுநைட்'. நாளையைப் பொறுத்தவரை நம் பழக்கமே சரி, 'டுமாரோ மார்னிங்' என்று சொல்லலாம். இந்தத் தொடர்களுக்கு முன் 'ஆன்', 'இன்', 'அட்' எதுவும் சேர்க்கக் கூடாது. கிழமை சேர்ந்தால் 'ஆன் மன்டே மார்னிங்' என்று 'ஆன்' வரும். தனியே வந்தால் 'இன் த மார்னிங்', ஆனால் 'அட் நைட்'. வார இறுதிக்குப் பிரிட்டனில் 'அட் த வீக்கென்ட்', அமெரிக்காவில் 'ஆன் த வீக்கென்ட்'.

ஏழாம் படி: தெளிவில்லாத தொடர்கள்

'லாஸ்ட் வீக்' என்பது நாட்காட்டியில் முந்தைய வாரம். 'த லாஸ்ட் வீக்' அல்லது 'த பாஸ்ட் வீக்' என்று முன்னால் 'த' சேர்ந்துவிட்டால், இன்றோடு முடியும் ஏழு நாட்கள். 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்பது இந்த வாரத்து வெள்ளியா அடுத்த வாரத்து வெள்ளியா என்பதில் ஆங்கிலம் பேசுபவர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. தேதியைச் சேர்த்து எழுதிவிடுவதே பாதுகாப்பு. அந்தத் தேதியிலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள், ஏனெனில் 5/6 என்பது பிரிட்டனில் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. பிரிட்டிஷ் பேச்சில் 'ஃப்ரைடே வீக்' என்று கேட்டால், வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி என்று புரிந்துகொள்ளலாம்.

'தி அதர் டே' என்றால் சில நாட்களுக்கு முன்பு. 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' என்றால் இனிமேல் என்றாவது ஒருநாள். 'தீஸ் டேஸ்' என்றால் இப்போதெல்லாம். மூன்றும் ஏறக்குறைய ஒரே சொற்களால் ஆனவை, ஆனால் கடந்தகாலம், எதிர்காலம், நிகழ்காலம் என்று மூன்று திசையில் நிற்கின்றன. 'எ கப்பிள் ஆஃப் டேஸ்' என்பதை இரண்டு நாள் என்று கறாராக எடுத்துக்கொள்பவர்களும், இரண்டு மூன்று நாள் என்று தளர்வாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 'ஒர்க்கிங் டேஸ்' என்று சேர்த்துச் சொன்னால் வார இறுதியும் பொது விடுமுறையும் கணக்கில் வராது. ஆகவே 'ஃபைவ் ஒர்க்கிங் டேஸ்' என்ற கெடு பெரும்பாலும் ஒரு முழு வாரத்தை எடுத்துக்கொள்ளும்.

'மொமென்ட்' என்பது ஐரோப்பாவின் இடைக்காலத்தில் ஒரு மணியின் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 90 நொடி என்று கணக்கிடப்பட்ட அலகு. இப்போது அதற்கு அளவில்லை. 'இன் எ மொமென்ட்' என்றால் இதோ சற்று நேரத்தில், 'ஃபார் எ மொமென்ட்' என்றால் ஒரு கணம் மட்டும். 'மொமென்டரிலி' என்ற சொல் பிரிட்டனில் பெரும்பாலும் பின்னதையும் அமெரிக்காவில் முன்னதையும் குறிக்கும். 'பிரசன்ட்லி' என்பதற்கு 'விரைவில்' என்ற பொருளும் 'தற்போது' என்ற பொருளும் உண்டு. இவ்விரு சொற்களையும் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும்; எழுதும்போது 'சூன்' அல்லது 'நவ்' என்று எழுதிவிடலாம்.